ஓரக்குறிப்பில் ஒரு கேள்வி

"உங்களையும் உங்கள் மாணவர்களையும் தவிர வேறு யாராவது இதை எழுதுகிறார்களா?" தன் கணிதக் குறி ஒன்றை யூனிகோடில், அதாவது கணினி எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுத் தரத்தில், சேர்க்கக் கோரி ஒரு பேராசிரியர் அனுப்பிய முன்மொழிவைப் பரிசீலித்தபோது, அதன் ஓரத்தில் நான் கேட்டது இவ்வளவுதான். பேராசிரியரிடமிருந்து பதிலும் ஒரே வரி: "தட்டச்ச முடிந்தால்தானே எழுதுவார்கள்?"

அப்போது சிரிப்புத்தான் வந்தது. அச்சுக்கு யூனிகோடு தேவையே இல்லையே; கணிதத் தாள்களை அச்சுக்கு வடிவமைக்கும் லேடெக் மென்பொருளில் எந்தக் குறியையும் வரைந்துகொள்ளலாம். பத்துப் பேர் எழுதியிருந்தால் பத்துத் தாள்களில் தடயம் இருக்கும். அவர் இணைத்த நான்கு கட்டுரைகளும் அவர் வகுப்பறையைத் தாண்டவில்லை. நிராகரிக்கலாம் என்று பரிந்துரைத்தேன்.

விதிப்படி சரிதான். யூனிகோடில் ஒருமுறை ஏறியதை இறக்க முடியாது, பெயரைக்கூடத் திருத்த முடியாது. கணிதத்தில் வையர்ஸ்ட்ராஸ் சார்பைக் குறிக்கும் சுருள் 'பி' சின்ன எழுத்து. பெயரிலோ பெரிய எழுத்து என்று பதிந்துவிட்டது. சரியான பெயர் மாற்றுப்பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இதைப் பார்த்தவனுக்குக் கை தயங்கத்தான் செய்யும்.

தயக்கம் என்று இன்று சொல்கிறேன். அன்றைய கூட்டப் பட்டியலில் அந்த முன்மொழிவு கடைசி உருப்படி. எனக்கு எழுந்து போக வேண்டியிருந்தது.

2001இல், யூனிகோடின் 3.1 பதிப்பில், கணித எழுத்துகள் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாக உள்ளே வந்தன. 'வெறும் அலங்கார எழுத்துதானே' என்று அவற்றையும் தள்ளியிருக்கலாம். ஆனால் இயற்பியலில் ஆற்றலைக் குறிக்கும் ஹாமில்டோனியனுக்குச் சுருள் 'எச்', காந்தப்புலத்துக்குச் சாதாரண 'எச்'. இரண்டும் ஒரே சமன்பாட்டில் வரும்போது வடிவம் போனால் பொருளும் போய்விடும். பேராசிரியரின் குறி, மேல்கோட்டில் வெட்டு விழுந்த சமக்குறி. வெட்டை எடுத்துவிட்டால் அவருடைய தேற்றம், ஒன்று தனக்குத் தானே சமம் என்று சொல்லும். இரண்டாம் வாசிப்பில் அந்த இடத்தைப் பென்சிலால் அடிக்கோடிட்டிருக்கிறேன். என் பரிந்துரையில் அது இல்லை.

செங்கோணத்தின் மேல் நெளிந்து இறங்கும் அம்பு ஒன்று 2002இல், 3.2 பதிப்பில் இடம்பெற்றது. அது எதற்கு என்று பல ஆண்டுகள் யாராலும் சொல்ல முடியவில்லை. அவர் குறிக்குப் பொருள் இருந்தது, இடம் கிடைக்கவில்லை. இந்த ஒப்பீடு நியாயமில்லைதான்; பழைய தொகுப்புகளிலிருந்து மொத்தமாக வந்ததை ஒவ்வொன்றாக யார் விசாரிப்பது? இருந்தும் மனம் அங்கேயே போய் நிற்கிறது.

சென்ற ஆண்டு அவர் மாணவர் ஒருவரின் கட்டுரை கண்ணில் பட்டது. வெட்டு விழுந்த சமக்குறி அதில் எங்குமில்லை. ஏற்கெனவே யூனிகோடில் உள்ள, வேறு பொருள் கொண்ட ஒரு குறியை எடுத்துக்கொண்டு, முதல் பக்க அடிக்குறிப்பில், வழக்கமான பொருளில் இதை வாசிக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். யாரும் பயன்படுத்தவில்லை என்று நான் எழுதியது இப்போது முழு உண்மை.