கிருமித் தொற்றில் தளரும் இதயம்: வேலூர் ஐசியு நாட்குறிப்பு

4 நவம்பர் 2024, திங்கள்

மழைக்காலம் பிடித்துவிட்டது. குடியாத்தம், அணைக்கட்டு, ஜவ்வாது மலையடிவாரம் என்று நாலா பக்கமிருந்தும் காய்ச்சலும் மூச்சிரைப்புமாக ஆட்கள் வருகிறார்கள். பலருக்கு முன்பு இதயநோய் கிடையாது. ஐசியுவில் எக்கோ வைத்தால் 'பம்பிங்' (இஎஃப், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 35 சதவீதம். பார்த்தவுடன் எல்லோருக்கும் பயம் வந்துவிடுகிறது. அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதில் தொடங்குகிறோம்.

1984இல் அமெரிக்காவில் மார்கரெட் பார்க்கர் குழு, செப்சிஸ் அதிர்ச்சியில் (கிருமித் தொற்றால் பிபி சரிந்த நிலையில்) இருந்த 20 பேரின் இதயத்தை அடுத்தடுத்துப் பலமுறை அளந்தது. பிழைத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆரம்பத்தில் இஎஃப் 40க்குக் கீழே இருந்தது, இடது கீழறையும் விரிந்திருந்தது. ஏறத்தாழ பத்து நாளில் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பின. இறந்தவர்களின் சராசரி இஎஃப்போ இயல்பாக இருந்தது. காரணம் இதுதான்: ரத்தக்குழாய்கள் அடியோடு தளர்ந்துபோனால் இதயத்துக்கு எதிர்ப்பே இருக்காது, சோர்ந்த தசைகூட எளிதாகச் சுருங்கிவிடும். ஆகவே 60 என்ற எண்ணை நம்பி நிம்மதி அடையவும் கூடாது, 35 என்ற எண்ணைப் பார்த்துக் கைவிடவும் கூடாது.

நார்அட்ரினலின் (ரத்தக்குழாயைச் சுருக்கிப் பிபியை உயர்த்தும் மருந்து) ஏற்றிப் பிபி வந்த பிறகு இஎஃப் 55இலிருந்து 40க்கு இறங்குவது அடிக்கடி நடக்கும். பெரும்பாலும் மருந்து இதயத்தைக் கெடுத்துவிட்டது என்று பொருளில்லை. மறைந்திருந்த தளர்ச்சி வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். எக்கோ குறிப்பில் அந்த நேரத்துப் பிபியையும் மருந்து ஏற்றும் பம்பின் வேகத்தையும் எழுதாவிட்டால் அந்தக் குறிப்பால் பயனில்லை.

7 நவம்பர், வியாழன்

இஎஃப்பை விட விடிஐ உதவும். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் வெளியேறும் தூரம் அது. எக்கோவில் இதயத்தின் நுனிப்பக்கத்திலிருந்து ஐந்தறைக் காட்சி எடுத்து, பெருந்தமனி வால்வுக்குச் சற்றுக் கீழே பல்ஸ் டாப்ளர் (ரத்த வேகத்தை அளக்கும் முறை) புள்ளியை வைத்து, அலையின் ஓரத்தை வரைய வேண்டும். இயல்பு 18 முதல் 22 செ.மீ. 15க்குக் கீழே போனால் ஒவ்வொரு துடிப்பிலும் போகும் ரத்தம் குறைவு.

கணக்கு: இடது கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் பாதையின் விட்டம் 2 செ.மீ. என்றால் பரப்பு 3.14. விடிஐ 14 என்றால் ஒரு துடிப்புக்கு 44 மி.லி. நாடி 120 என்றால் நிமிடத்துக்கு 5.3 லிட்டர். மொத்தம் நன்றாகத் தெரியும், ஆனால் அது நாடியின் ஓட்டத்தால் வந்தது. இதைக் கவனிக்காமல் நாடியை மட்டும் மருந்தால் குறைத்தால் பிபி சரியும்.

தவறுகள் மூன்று இடத்தில் நடக்கின்றன. டாப்ளர் கோடு ரத்த ஓட்டத்துக்கு 20 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் விடிஐ குறைவாக வரும். ஒரே துடிப்பை அளந்து நிறுத்துவது இரண்டாவது. மூன்றின் சராசரி வேண்டும், நாடி ஒழுங்கற்று ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் ஐந்துக்கும் மேல். மூன்றாவது, விட்டத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக அளப்பது. விட்டத்தில் வரும் பிழை வர்க்கமாகப் பெருகும். முதல் நாள் கவனமாக அளந்து, கேஸ் ஷீட்டில் எழுதி, அதையே பின்னர் பயன்படுத்துங்கள்.

12 நவம்பர், செவ்வாய்

சலைன் பற்றி. முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மி.லி. என்பது வழிகாட்டுதல், 60 கிலோ எடைக்கு 1,800 மி.லி. அதை ஒரே மூச்சில் ஏற்ற வேண்டியதில்லை. 250, 250 ஆக ஏற்றி, ஒவ்வொரு முறையும் நுரையீரல் அடிப்பகுதியைக் கேளுங்கள். உண்ணிக் காய்ச்சலில் (ஸ்க்ரப் டைஃபஸ்) நுண்குழாய்கள் கசிவதால், கூடுதல் சலைன் நேரே நுரையீரலில்தான் தேங்கும்.

இன்னும் ஒரு பாட்டில் தேவையா என்று சந்தேகம் வந்தால் கால் தூக்கிப் பாருங்கள். நோயாளி 45 டிகிரி சாய்ந்திருக்கும்போது விடிஐ அளந்து, பிறகு கட்டிலை இயக்கியே உடம்பைத் தாழ்த்திக் கால்களை 45 டிகிரிக்கு உயர்த்த வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் மறுபடி அளந்து, 10 முதல் 12 சதவீதம் ஏறினால் சலைன் உதவும். கையால் காலைத் தூக்கினால் வலியில் நாடி ஏறி அளவு பொய்யாகும். வயிறு கல்லாக உப்பியிருந்தாலும் இந்தச் சோதனையை நம்ப முடியாது.

எக்கோ மெஷின் இல்லாத இடத்தில் விரல் நுனி போதும். பத்து விநாடி அழுத்தி விடுங்கள். மூன்று விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். 2019இல் வந்த ஆண்ட்ரோமெடா-ஷாக் ஆய்வு இதை லாக்டேட்டோடு (திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள்) ஒப்பிட்டுப் பார்த்தது. இது எந்த விதத்திலும் தாழ்ந்து போகவில்லை. சின்ன ஆஸ்பத்திரிகளில் வேலை செய்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

19 நவம்பர், செவ்வாய்

பம்ப் கணக்கு. நார்அட்ரினலின் 4 மி.கி.யை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் 50 மி.லி. ஆக்கினால் ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம். 60 கிலோ நோயாளிக்கு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு 4.5 மி.லி. இலக்கு சராசரி பிபி 65. ஆம்பூலின் மேல் எழுதியிருப்பது பைடார்ட்ரேட் உப்பின் எடையா, நார்அட்ரினலின் எடையா என்று படியுங்கள். 2 மி.கி. உப்பில் மருந்து 1 மி.கி.தான். கம்பெனி மாறும்போது அளவு பாதியாவதோ இரட்டிப்பாவதோ இப்படித்தான்.

பிபி 65 வந்தும், சலைன் போதுமான அளவு போயும், விரல்கள் குளிர்ந்தே இருந்து விடிஐ 12 என்றால், அப்போது டோபுட்டமின் (இதயம் சுருங்கும் வலுவைக் கூட்டும் மருந்து). 250 மி.கி.யை 50 மி.லி.யில் கலந்தால் மி.லி.க்கு 5 மி.கி. நிமிடத்துக்குக் கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராமில் தொடங்கினால் 60 கிலோவுக்கு மணிக்கு 1.8 மி.லி. அரை மணியில் விடிஐ ஏறாமல் நாடி மட்டும் ஏறினால் நிறுத்திவிடுங்கள். இஎஃப் 35 என்ற ஒரே காரணத்துக்காக, கை கால் சூடாகவும் சிறுநீர் நன்றாகவும் போகிறவருக்கு டோபுட்டமின் போடவே கூடாது. சோர்ந்த தசையைச் சாட்டையால் அடிப்பதில் பயனில்லை. 2016இல் லியோபார்ட்ஸ் ஆய்வில் இதயத்தின் நிலையைப் பார்த்துத் தேர்வு செய்யாமல் செப்சிஸ் அதிர்ச்சி நோயாளிகளுக்கு லெவோசிமெண்டான் (இதுவும் இதயத்தின் வலுவைக் கூட்டும் மருந்து) கொடுத்துப் பார்த்தார்கள், பலன் கிடைக்கவில்லை.

சிரிஞ்ச் மாற்றும் நேரம் ஆபத்தான நேரம். புது சிரிஞ்சை இரண்டாவது பம்பில் ஓடவிட்டுப் பிபி ஏறத் தொடங்கிய பிறகே பழையதைக் குறையுங்கள். அந்த லைனில் வேறு ஊசி எதையும் தள்ளாதீர்கள்.

23 நவம்பர், சனி

இதயத்தின் வலது பக்கம். வென்டிலேட்டரில் இருப்பவரின் வலது கீழறை இடதைவிடப் பெரிதாகத் தெரிந்தாலோ, டாப்சி (வலது கீழறை சுருங்கும்போது அதன் வால்வு வளையம் நகரும் தூரம்) 17 மி.மீ.க்குக் கீழே இருந்தாலோ, முதலில் வென்டிலேட்டரைத் திருத்துங்கள். பிளாட்டோ அழுத்தம் (மூச்சை உள்ளே நிறுத்தி அளக்கும் அழுத்தம்) 27க்குள், ரத்தத்தில் கார்பன்டையாக்சைடு 48க்குள். முடிந்தால் குப்புறப் படுக்க வையுங்கள். இங்கே சலைன் ஏற்றுவது தீங்கு.

28 நவம்பர், வியாழன்

எத்தனை பம்ப் ஓடினாலும் மூலக் கிருமியைக் கொல்லாமல் இதயம் தேறாது. உண்ணி கடித்த கறுத்த பொருக்கு வலிக்காது, அரிக்காது; நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடி, அரைஞாண் கயிறும் பாவாடை நாடாவும் அழுந்தும் இடுப்பு என்று திரையிட்டு முழுவதும் பாருங்கள். ரத்தப் பரிசோதனைக்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். தீவிர உண்ணிக் காய்ச்சலில் டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஏதாவது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்திய இன்ட்ரெஸ்ட் ஆய்வு 2023இல் காட்டியது. உறுப்புச் சிக்கல்கள் சீக்கிரம் தீர்ந்தன. 28 நாள் இறப்பில் தெளிவான வித்தியாசம் இல்லை.

அசித்ரோமைசின் க்யூடி இடைவெளியை (இசிஜியில் ஒரு துடிப்பின் மின்னலை முடிய ஆகும் நேரம்) நீட்டும். கூடவே வாந்தியை நிறுத்தும் ஒண்டான்செட்ரான் ஓடினால் இன்னும் நீளும். தினம் ஒரு இசிஜி, பொட்டாசியம் 4க்கு மேல், மெக்னீசியம் 2க்கு அருகில்.

குடிப்பழக்கம் உள்ளவர், லாக்டேட் இறங்கவே இல்லை, இதயம் வேகமாக ஓடுகிறது என்றால் தயமின் (வைட்டமின் பி1) 200 மி.கி. நரம்பில், குளுக்கோஸுக்கு முன். மலிவான மருந்து, மறந்துபோகிற மருந்து.

3 டிசம்பர், செவ்வாய்

உறவினர்கள் கேட்பது: "ட்ரோபோனின் ஏறியிருக்குன்னு எழுதியிருக்காங்க சார், எங்க அப்பாவுக்கு அட்டாக்கா? ஆஞ்சியோ எடுக்கணுமா?" ட்ரோபோனின் என்பது இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்; கிருமியின் நஞ்சால் பாதித்தாலும் அது ஏறும். இசிஜியில் எஸ்டி உயர்வும் (மாரடைப்பின் அடையாளம்), ஒரே ரத்தக்குழாயின் பகுதி மட்டும் அசையாத எக்கோவும் இல்லையென்றால், அதிர்ச்சி தீரும்வரை ஆஞ்சியோ காத்திருக்கலாம். "அம்மா, அப்பாவோட இதயமும் காய்ச்சல்ல சோர்ந்திருக்கு. பிபி மருந்து குறையுதா, சிறுநீர் போகுதான்னு தினமும் சொல்றோம்" என்று சொல்லலாம். பிழைப்பாரா என்று கேட்டால் இஎஃப் எண்ணைச் சொல்லாதீர்கள். இடது கீழறை துடிப்புகளுக்கு இடையே தளர முடியாமல் விறைத்திருப்பதும், வலது பக்கம் தோற்பதும், எத்தனை உறுப்புகள் பழுதாகியுள்ளன என்பதுமே அதிகம் சொல்லும்.

9 டிசம்பர், திங்கள்

பம்புகள் நின்ற பின் பத்தாம் நாள் வாக்கில் எக்கோவைத் திரும்பப் பாருங்கள். இஎஃப் 50ஐத் தாண்டியிருந்தால் ஆயுள்முழுக்க மாத்திரை என்று எழுதி அனுப்ப வேண்டாம். இன்னும் 40க்குக் கீழே என்றால் பழைய அடைப்போ தசைநோயோ ஒளிந்திருக்கலாம். இதயநோய் பிரிவுக்கு அனுப்பி, ஆஞ்சியோவை அப்போது யோசிக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் முதல் எக்கோ, கடைசி எக்கோ இரண்டின் தேதியும், அன்றைய நார்அட்ரினலின் அளவும் இருக்கட்டும். ஆறு வாரம் கழித்து ஆம்பூரிலோ திருப்பத்தூரிலோ அவரைப் பார்க்கும் டாக்டருக்கு அது தேவைப்படும்.