பெட்ரோசாவைப் "பாவம்" என்று சொல்லாதீர்கள்

மோட்டோஜிபி என்ற உலக பைக் ரேஸ் போட்டியைப் பார்க்கிற நாலு பேர் கூடிப் பேசும்போது ஸ்பெயின் ரேஸர் டானி பெட்ரோசா பெயர் வந்தால் போதும், யாராவது ஒருவர் "பாவம்பா, அதிர்ஷ்டமே இல்லாத ஆள்" என்று ஆரம்பித்துவிடுவார். எனக்கு எரிச்சலாக வரும். சின்னப் பிரிவுகளான 125 சிசியில் 2003, 250 சிசியில் 2004, 2005 என்று மூன்று உலகப் பட்டங்கள், அப்புறம் பெரிய பிரிவான மோட்டோஜிபியில் 31 வெற்றிகள், அதுவும் 2006 முதல் 2017 வரை ஒரு சீசன் விடாமல் குறைந்தது ஒரு ரேஸாவது ஜெயித்திருக்கிறார். இவர் பாவம் என்றால் மற்ற ரேஸர்களை என்னவென்று சொல்வது? பெரிய பிரிவில் பட்டம் கிடைக்கவில்லை, மூன்று முறை இரண்டாவது இடத்தோடு நின்றுபோனது, அது சரிதான்.

ஆளைப் பார்த்தால் 158 செ.மீ. உயரம், எடை ஐம்பது கிலோவை ஒட்டி. ஓட்டிய பைக் அவரைப்போல் மூன்று மடங்கு. எடை குறைவு என்பதால் நேர்சாலையில் சும்மாவே பறந்துவிடுகிறார் என்று அப்போது நிறையப் பேர் குறை சொன்னார்கள், ஆனால் அந்த எடையே வளைவுகளில் அவர் கழுத்தைப் பிடித்ததை யாரும் பேசுவதில்லை. ரேஸ் டயர் சூடானால்தான் ரோட்டைப் பிடிக்கும். பிரேக் பிடிக்கும்போதும் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதும் டயர் மேல் விழுகிற பாரம்தான் அந்தச் சூட்டைக் கொண்டுவரும், பாரமே இல்லாத ஆள் குளிரான நாளில் என்ன செய்வார்? பைக்கைச் சீக்கிரம் நிமிர்த்துவார், அதுதான் அவருடைய பதில். பழைய ரேஸ் வீடியோ கிடைத்தால் வளைவு முடிகிற இடத்தை மட்டும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்: உடம்பு இன்னும் உள்பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும், கைகளோ பைக்கைத் தன்னிடமிருந்து வெளியே தள்ளி நிமிர்த்திக்கொண்டிருக்கும். டயரின் ஓரம் போய் அகலமான பகுதி தரையில் உட்கார்ந்ததும் த்ராட்டில் திறப்பார். பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் 150 கிலோவைத் தாண்டிய பைக்கை அப்படித் தள்ள அந்த உடம்புக்கு எவ்வளவு பலம் வேண்டும்!

அடிபட்டதற்குக் கணக்கே இல்லை. 2003இல் 125 பட்டம் வாங்கிய அடுத்த வாரமே ஆஸ்திரேலியாவின் பிலிப் ஐலண்டில் விழுந்து இரண்டு கணுக்கால்களும் உடைந்தன. அடுத்த சீசனின் முதல் ரேஸில், அதுவும் புதிதாக ஏறிய 250இல், வந்து ஜெயித்தார். அப்புறம் 2010, 2011 என்று அடுத்தடுத்து காலர்போன் உடைந்தது.

சரி, 2012க்கு வருவோம். "அதிர்ஷ்டமில்லாதவர்" கதைக்கு எல்லோரும் காட்டுகிற சாட்சி அந்த வருடம் இத்தாலியின் மிசானோவில் நடந்த ரேஸ்தான். புள்ளிகளில், பட்டத்துக்கு முன்னணியில் இருந்த ஹோர்ஹே லொரென்சோவைவிட 13தான் குறைவு, முந்தைய ரேஸில் ப்ர்னோவில் கடைசிச் சுற்று வரை மோதி அவரைத் தோற்கடித்திருந்தார், மிசானோவில் போல் பொசிஷனும், அதாவது ஸ்டார்ட்டில் முதல் இடமும், இவருக்குத்தான். வேறொருவரின் பைக் நின்றுபோனதால் ஸ்டார்ட் தள்ளிப்போக, டயர் சூடு ஆறிவிடாமல் இருக்க மெக்கானிக்குகள் போர்வை மாதிரி இருக்கும் டயர் வார்மரை மறுபடி போர்த்தினார்கள். திரும்ப எடுக்கும் நேரத்தில் முன்சக்கரம் சுற்ற மறுக்கிறது. பைக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், ஒரு வழியாகச் சரிசெய்து வந்தால் கடைசி வரிசை. ஆவேசமாக மேலே வந்துகொண்டிருந்தவரை முதல் சுற்றிலேயே இன்னொருவர் இடித்துத் தள்ளிவிட்டார். லொரென்சோ ஜெயித்தார், இடைவெளி 38 ஆனது.

கதை சொல்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் அதற்கடுத்து ஆரகான், மோட்டெகி, செபாங் மூன்றையும் வரிசையாக ஜெயித்தது பெட்ரோசா. பிலிப் ஐலண்டில் விழுந்தது அவராக விழுந்தது, அங்கே அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல வழியில்லை. கடைசியில் லொரென்சோவுக்கு 350 புள்ளி, இவருக்கு 332. அந்த சீசனில் அதிக ரேஸ் ஜெயித்தவர் அவர்தான், லொரென்சோவுக்கு ஆறு, இவருக்கு ஏழு.

நியாயமாகப் பேசினால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2006 எஸ்டோரிலில், பட்டத்துக்கு முன்னணியில் இருந்த தன் சொந்த அணி வீரர் நிக்கி ஹேடனையே இடித்து வீழ்த்தியவர் இவர். கடைசி ரேஸில் பட்டத்துக்குப் போட்டியாக இருந்த ரோஸி விழுந்து ஹேடனுக்குப் பட்டம் கிடைத்ததால் தப்பித்தார், இல்லையென்றால் காலம் முழுக்க அதைத்தான் சொல்லிக் காட்டியிருப்பார்கள். அடிபடுவது மட்டுமல்ல, அடிக்கிற பக்கத்திலும் அவர் இருந்திருக்கிறார்.

2018 கடைசியில் ஓய்வு பெற்று கேடிஎம் பைக் கம்பெனிக்கு டெஸ்ட் ரைடராகப் போனார். டெஸ்ட் ரைடர் என்றால் பைக்கை ஓட்டிப் பார்த்து, எங்கே நழுவுகிறது, எங்கே உதறுகிறது என்று எஞ்சினியர்களிடம் சொல்கிற வேலை. கேமரா அந்தப் பக்கம் அதிகம் வராது. 2020இல் ப்ர்னோவில் கேடிஎம் தன் முதல் மோட்டோஜிபி வெற்றியை எடுத்தது. 2023இல் மிசானோவில் அவரையே வைல்ட் கார்டாக, அதாவது அந்த ஒரு ரேஸுக்கு மட்டும், இறக்கினார்கள். 37 வயது. சனிக்கிழமை நடக்கும் குட்டி ரேஸான ஸ்பிரின்டில் நான்காவது, மறுநாள் பெரிய ரேஸிலும் நான்காவது, இரண்டிலும் அவருக்கு நேர் முன்னால் போனது அப்போதைய சாம்பியன் பன்யாயா. முந்தைய வாரம் பன்யாயாவுக்குக் காலில் பலத்த அடி, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் லொரென்சோ ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்.