உபினில் ஒரு பிரதட்சிணம்

"எளிதான வட்ட நடை. ஏரிக்கரை, அழகான கிராமம். 2 மணி நேரம்." வெள்ளிக்கிழமை ராத்திரி குடும்பக் குழுவில் மச்சான் போட்ட செய்தி இவ்வளவுதான். இன்றைக்குத் திங்கள்கிழமை. காலையில் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் நிலையப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். பின்னால் வந்த சீனப் பாட்டி ஒருவர், கையில் காய்கறிப் பையோடு, நான் இறங்கி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

மச்சானுடைய 'எளிது' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போன வருடம் "சும்மா அந்தத் தொங்குபாலம் வரைக்கும்" என்று மெக்ரிட்சி காட்டுக்குக் கூட்டிப்போனவர். பாலம் 250 மீட்டர்தான், பொய் சொல்லக்கூடாது. பாலத்துக்குப் போய் வருவதுதான் 11 கிலோமீட்டர். ஆனால் அத்தையும் மாமாவும் புதுக்கோட்டையிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, முஸ்தபா கடைக்கு நான்கு தடவை போயாகிவிட்டது, ஐந்தாவது தடவைக்கு என் பர்ஸில் தெம்பு இல்லை. சரி, புலாவ் உபின் தீவு என்றால் புலாவ் உபின் தீவு.

அத்தை விடியற்காலை 4 மணிக்கு எழுந்து புளிச்சோறு கிளறினார். வாழையிலை வேண்டும் என்று முந்தின நாளே என்னைத் தேக்கா சந்தைக்கு அனுப்பியிருந்தார். சுட்ட அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல், ஊரிலிருந்து கொண்டுவந்த நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு போத்தல். அன்றைக்குச் சனிக்கிழமை, பெருமாளுக்கு விரதம், அதனால் வெளியில் எதையும் தொடமாட்டார்.

சாங்கி பாயிண்ட் துறையில் தீவுப் படகுக்குத் தலைக்கு 4 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். 12 பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். நாங்கள் ஏழு பேர். சைக்கிளோடு இரண்டு ஜோடிகள் வந்தார்கள், பதினொன்று. அந்தப் பன்னிரண்டாவது மனிதருக்காக நாங்கள் காத்திருந்த மாதிரி யாரும் மாப்பிள்ளை அழைப்புக்குக்கூடக் காத்திருந்திருக்க மாட்டார்கள். மச்சான் "அந்த 4 வெள்ளியையும் நானே கொடுத்துடறேன்" என்றதும் அத்தை மனக்கணக்குப் போட்டார். "வராத ஆளுக்கு இருநூத்தம்பது ரூபாயா? உக்காரு." உட்கார்ந்தோம். அரை மணி நேரம் காத்திருந்து கடலைக் கடக்கப் பத்து நிமிடம்.

தீவில் இறங்கியதும் மாமா முதல் குண்டைப் போட்டார். "வட்ட நடைன்னா சுத்திட்டு இங்கதானே வரணும்?" ஆமாம் என்றோம். "அப்ப நான் இங்கயே இருக்கேன்." இதற்கு எம்.ஏ. படித்த என் மனைவியாலேயே பதில் சொல்ல முடியவில்லை. மாமா படகுத்துறையில் ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது குண்டு அத்தையுடையது. மச்சான் கைப்பேசியில் போட்டு வைத்திருந்த வழி இடஞ்சுற்றாகப் போனது. "அப்பிரதட்சிணமா சுத்தறது எந்தக் காரியத்துக்குன்னு தெரியும்ல? தண்ணிய வலக்கைப் பக்கம் வச்சு நட." திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் எத்தனையோ பௌர்ணமிக்குப் போனவரிடம் வாதாட முடியுமா? மச்சான் வழியைத் தலைகீழாகப் படிக்க ஆரம்பித்தார். வலது என்று காட்டினால் இடது, இடது என்று காட்டினால் வலது. மூன்றாவது திருப்பத்திலேயே கணக்குத் தப்பிவிட்டது. ஒரே துரியான் மரத்தை மூன்று தடவை பார்த்தோம். மூன்றாவது தடவை என் மகன் அதற்குக் கையாட்டினான். மனைவிக்கு மட்டும் குறையே இல்லை, கைக்கடிகாரத்தில் அடிக்கணக்கு பத்தாயிரத்தைத் தாண்டிய சந்தோஷம்.

ஏரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது ஏரியே இல்லை. கருங்கல் வெட்டின பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிறைந்து நிற்கிறது. பச்சைத் தண்ணீர், சுற்றிச் செங்குத்தான பாறை, நடுவே மரங்களில் நாரைகள். அழகுதான். 1851-ல் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு இந்தத் தீவுக் கல்தான் போனது, மலேசியாவுக்குப் போகும் ஜொகூர் பாலத்துக்கும் போனது, கடைசிக் குவாரி 1999-ல் மூடப்பட்டது என்றெல்லாம் மச்சான் படித்துக் காட்டினார். அத்தை வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "கல்குவாரி! எங்க ஊர்ல மழை பெஞ்சா இந்தப் பக்கம் போகாதேன்னு உங்களையெல்லாம் அடிப்போம். இங்க மேடை கட்டி, விமானம் ஏறி வந்து பாக்கறோம்." அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய அப்பா கல்லுடைக்கப் போனவர். அதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கிளறவில்லை.

பசி வந்ததும் ஓர் ஓய்வுக் கூடத்தில் பையை வைத்துவிட்டுக் கைகழுவத் தண்ணீர் எடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்த தப்பு. காட்டுப்பன்றி ஒன்று, அடுக்குமாடி புளோக் அடியில் உலாத்தும் பூனை மாதிரி எந்த அவசரமும் இல்லாமல் வந்து, பையின் காதைக் கவ்விக்கொண்டு புதர்ப் பக்கம் நடந்தது. பின்னாலேயே நாலு குட்டி. மகள் வீல் என்று கத்தினாள். மச்சான் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, "யாரும் கிட்டப் போகாதீங்க, வனவிலங்குக்குத் தீனி போட்டா 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம்!" என்றார்.

"நான் எங்கடா போட்டேன்? அதுவா எடுத்துத் திங்குது" என்றார் அத்தை.

தின்றது. இலையோடு, கட்டின நூலோடு தின்றது. அப்பளம் நொறுங்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. குட்டிகள் உருளைக்கிழங்குக்கு அடித்துக்கொண்டன. ஊறுகாய்ப் போத்தலை மட்டும் உருட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. எல்லாம் போனபிறகு அத்தை போய் அந்தப் போத்தலை எடுத்து முந்தானையில் துடைத்தார். முகத்தில் கோபம் இருக்கும் என்று பார்த்தேன். "பெருங்காயம் கொஞ்சம் கூடிப்போச்சோன்னு நினைச்சேன். இல்ல போல" என்றார்.

கம்பத்துக்கு, அதாவது மச்சான் சொன்ன அந்தக் கிராமத்துக்கு, வந்து சேர்ந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. தகரக் கூரை, மரவீடுகள், சைக்கிள் வாடகைக் கடைகள், கோவில் எதிரே சீன நாடக மேடை. படம் எடுக்க வேண்டிய இடம்தான், எனக்குக் கையைத் தூக்கத் தெம்பில்லை. பிள்ளைகளும் நாங்களும் ஒரு கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் தின்றோம். அத்தை ஒரு இளநீரோடு நிறுத்திக்கொண்டார்.

படகுத்துறையில் மாமா அதே பெஞ்சில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு டப்பா. காலையில் யாருக்கும் தெரியாமல் தனக்கென்று தயிர்ச்சோறு எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். மூடியைத் திறக்கவே இல்லை.

"சாப்பிடாம என்ன பண்றீங்க? மாத்திரை போட வேணாமா?" என்று அத்தை சத்தம் போட்டார்.

"ரெண்டு மணி நேரம்னுதானே சொன்னான்" என்றார் மாமா.

அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, மூடியில் பாதியை எடுத்துக்கொண்டு, பன்றி விட்டுவைத்த போத்தலையும் திறந்தார். எங்களுக்கு ஒரு வாய் வேண்டுமா என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. மச்சான் வரிசையில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். இன்னும் ஐந்து பேர் வரவேண்டும்.