திருப்பத்துக்கு அப்பால்: ரோபோ வழித்திட்ட நாட்குறிப்பு

மார்ச் 3, 2025

எங்கள் ரோபோ ஓட வேண்டிய தளத்தின் வரைபடம் தயார். 50 மீட்டருக்கு 30 மீட்டர். 5 சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 6 லட்சம் கட்டம் வருகிறது. இதில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குறுகிய வழி கண்டுபிடிப்பது கணினிக்குச் சில நொடி வேலைகூட இல்லை. 1968-ல் பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ரம் ராஃபேல் மூவரும் ஷேக்கி என்ற ரோபோ திட்டத்தில் உருவாக்கிய ஏ-ஸ்டார் முறையே இன்றைக்கும் போதும். இதுவரை வந்த தூரம் ஒன்று, இன்னும் குறைந்தபட்சம் போக வேண்டிய தூரம் என்ற மதிப்பீடு ஒன்று. இரண்டையும் கூட்டி, எந்தக் கட்டத்தில் தொகை குறைவோ அதிலிருந்து தேடலைத் தொடரும். மதிப்பீடு உண்மைத் தூரத்தைத் தாண்டாதவரை கிடைப்பது மிகக் குறுகிய வழிதான் என்பதற்கு நிரூபணமே உண்டு. எத்தனை முறை படித்தாலும் அதன் எளிமை எனக்கு அலுப்பதில்லை.

ஆனால் அந்தக் குறுகிய வழி ஒரு புள்ளிக்கான வழி. எங்கள் ரோபோ 90 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பெட்டி.

மார்ச் 5

தளத்தின் நடுவில் 2 மீட்டர் நீளமான இடைவழி ஒன்று இருக்கிறது. அகலம் 90 சென்டிமீட்டர். இன்று முழுக்க அதனோடுதான் போனது.

வழக்கமான குறுக்குவழி, ரோபோவை வட்டமாக வைத்துக்கொண்டு, தடைகளை அந்த வட்டத்தின் ஆரத்துக்கு வீங்க வைப்பது. எங்கள் பெட்டியைச் சுற்றி வட்டம் போட்டால் ஆரம் 54 சென்டிமீட்டர், விட்டம் 108. வரைபடத்தில் இடைவழி மூடிக்கொள்கிறது, வழியே இல்லை என்று திட்டம் கைவிரிக்கிறது. நேராகப் போனாலோ பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் மிச்சம்!

வட்டத்தை விட்டுவிட்டு, இருக்கும் இடத்தோடு பார்க்கும் திசையையும் கணக்கில் சேர்த்தால் படமே மாறுகிறது. தோமஸ் லொசானோ-பெரெஸ் 1983-ல் விரிவாக எழுதிய கருத்து இது. உடலைப் புள்ளியாகச் சுருக்கி, தடைகளை அதற்கேற்றபடி பெருக்கி, இடமும் கோணமும் சேர்ந்த புதிய வெளியில் வழி தேடுவது. அந்த வெளியில் எங்கள் இடைவழி ஒரு மெல்லிய குழாய். பெட்டி நேராக இருக்கும்போது குழாய் அகலமாக இருக்கும், பெட்டி சாயச் சாய ஒடுங்கும். 22 டிகிரியைத் தாண்டினால் எதிரெதிர் மூலைகள் இரண்டும் சுவரில் இடிக்கும். இதை முப்பரிமாணப் படமாக வரைந்து திரையில் சுழற்றிப் பார்த்தபோதுதான் இடைவழியின் உண்மையான வடிவம் பிடிபட்டது.

இதற்கு விலை உண்டு. 5 டிகிரிக்கு ஒரு கோணம் வைத்தால் 72 கோணம், ஆக 4.32 கோடி நிலைகள். இன்னும் சமாளிக்கக்கூடியதுதான். ஏழு மூட்டு உள்ள ரோபோ கை ஒன்றுக்கு, மூட்டுக்கு 100 நிலை என்று கட்டம் போட்டால் 1-க்குப் பின் 14 சுழியம். அங்கே கட்டம் போடும் யோசனையையே விட்டுவிட வேண்டியதுதான்.

மார்ச் 6

இலக்கு இழுக்கும், தடை தள்ளும் என்ற விசைப்புல முறையை (உசாமா கதீப், 1986) சோதனைக்காக ஓட்டிப் பார்த்தோம். அழகாக வளைந்து நெளிந்து போகிறது. ஆனால் மூன்று பக்கமும் அடைத்த மேசை வளைவுக்குள் புகுந்தால் இழுப்பும் தள்ளலும் சமமாகி அங்கேயே நின்றுவிடும். இந்தத் தளத்துக்கு ஆகாது.

மார்ச் 10

குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "அண்ணா, கட்டமே போடாம, கண்டபடி புள்ளி தூவி இணைச்சா போதாதா?" நல்ல கேள்வி. கவ்ராக்கியும் சகாக்களும் 1996-ல் வெளியிட்ட வழிவலை முறையும், லவால் 1998-ல் தந்த ஆர்ஆர்டி மரமும் (தற்செயல் புள்ளிகளை நோக்கி வேகமாகக் கிளைவிடும் மரம்) செய்வது அதைத்தான். தூவிய புள்ளி தடையில் விழுந்தால் ஒதுக்கிவிடு, வெற்றிடத்தில் விழுந்தால் அருகில் உள்ளதோடு இணை. ஏழு மூட்டுக் கை போன்றவற்றுக்கு இவை இல்லாமல் கதி இல்லை.

எங்கள் இடைவழியை வைத்தே அவளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பெட்டியின் நடுப்புள்ளி நிற்கக்கூடிய பட்டை 2 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், அதாவது 0.6 சதுர மீட்டர். முழுத் தளம் 1500 சதுர மீட்டர். தூவும் புள்ளிகளில் 2500-க்கு ஒன்றுதான் அந்தப் பட்டையில் விழும். அதன் கோணமும் சரியாக அமைய வேண்டும் என்றால் வாய்ப்பு இன்னும் பல மடங்கு சுருங்கும். புள்ளிகள் ஏராளமாக விழும், எல்லாம் அகன்ற கூடங்களில். வழி கடைசியில் கிடைக்கும் என்ற உறுதி உண்டு, எப்போது கிடைக்கும் என்ற உறுதி இல்லை. தடையின் விளிம்பை ஒட்டியே தூவும் உத்திகள் இதற்காகவே வந்தவை.

இங்கே கட்டமே இருக்கட்டும் என்று முடிவானது.

மார்ச் 12

இனி நகரும் ஆட்கள். முழுவழித் திட்டம் மேலே இருக்கட்டும், நொடிக்குப் பல முறை "இந்தக் கணம் எந்த வேகம், எவ்வளவு திருப்பம்" என்று முடிவெடுப்பது கீழே தனி அடுக்கு. ஃபாக்ஸ், பர்கார்ட், த்ரன் 1997-ல் எழுதிய முறையை வைத்திருக்கிறோம். அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரே ஒரு நிபந்தனை: எதிரே உள்ள தடைக்கு முன் நின்றுவிட முடியாத வேகம் எதுவும் பரிசீலனைக்கே வராது. எவ்வளவு வேகமான வழியானாலும் சரி, நிற்க முடியாவிட்டால் பட்டியலில் இடமில்லை.

மார்ச் 14

நெரிசலில் விட்டோம். ரோபோ அசையவே இல்லை.

ஒவ்வொருவரும் அடுத்த சில நொடிகளில் எங்கெல்லாம் இருக்கக்கூடும் என்று தனித்தனியாகக் கணித்தால், நேரம் போகப்போக அந்த வட்டங்கள் பெரிதாகி ஒன்றோடொன்று சேர்ந்து எல்லா வழியையும் அடைத்துவிடும். ட்ராட்மனும் க்ரவுஸும் 2010-ல் இந்த உறைநிலையைத் தெளிவாக விளக்கியிருக்கிறார்கள். கணிப்பைத் துல்லியமாக்கினால் மட்டும் இது தீராது என்பதுதான் அவர்கள் சொன்னதில் முக்கியம். ரோபோ நகர்ந்தால் மனிதரும் சற்று ஒதுங்குவார். அந்தக் கொடுக்கல் வாங்கலும் கணிப்புக்குள் வர வேண்டும்.

மார்ச் 18

இந்த வாரத்தின் பெரிய விஷயம் திருப்பம்.

மிகக் குறுகிய வழி எப்போதும் உள்மூலையை உரசிக்கொண்டு போகும். அது வடிவியல் நியதி. ஆனால் உள்மூலையை ஒட்டிப் போகும்போதுதான் திருப்பத்துக்கு அப்பால் தெரிவது மிகக் குறைவு. தூரத்தை மட்டும் குறைக்கச் சொன்னால், திட்டம் ரோபோவைக் குருட்டு இடமாகப் பார்த்துக் கொண்டுபோய் விடுகிறது. இதை எல்லோரும் வேகக் கட்டுப்பாட்டின் பிரச்சினையாகவே பேசுகிறார்கள். என் பார்வையில் இது வழியின் பிரச்சினை.

எண்களோடு சொல்கிறேன். மூலைக்கு 1 மீட்டர் முன்னால் ரோபோ. திரும்ப வேண்டிய வழியில், அதன் அருகிலுள்ள சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி ஒருவர் நடந்து வருகிறார். லிடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி) பெட்டியின் நடுவில் இருக்கிறது. அது உள்சுவரிலிருந்து 45 சென்டிமீட்டரில் இருந்தால், மூலைக்கு அப்பால் 45 சென்டிமீட்டர்வரைதான் அவர் கண்ணில் படுவார். நேர்க்கோட்டில் 2.2 மீட்டர். அதே லிடார் 1.6 மீட்டர் தள்ளி இருந்தால் 1.6 மீட்டர்வரை தெரியும், நேர்க்கோட்டில் 3.8 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சுவரிலிருந்து எவ்வளவு விலகுகிறோமோ அதே விகிதத்தில் மூலைக்கு அப்பால் பார்வை நீள்கிறது.

இனி நிற்கும் தூரம். உணர்ந்து பிரேக் பிடிக்க 0.2 நொடி, வேகக் குறைப்பு நொடிக்கு நொடி 1 மீட்டர், எதிரே வருபவர் நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் நேரே வருகிறார் என்று வைத்தால்: ரோபோ நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் போனால், அது நிற்பதற்குள் இருவரும் சேர்ந்து 3.8 மீட்டரைக் கடந்துவிடுவார்கள். 1 மீட்டர் வேகத்தில் 2.4 மீட்டர். அரை மீட்டர் வேகத்தில் 1.2 மீட்டர். ஆக, சுவரை ஒட்டிப் போனால் 1 மீட்டர் வேகம்கூட அதிகம். அகன்று வந்தால் ஏறக்குறைய 1.5 மீட்டர் வேகத்துக்கும் இடம் இருக்கிறது. லிடாருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உடலின் 45 சென்டிமீட்டரைக் கழித்தால் இரண்டு கணக்கும் இறங்கும், ஆனாலும் இடைவெளி அப்படியே நிற்கும்.

நீளமான வழிதான் வேகமான வழி, பத்திரமான வழியும் அதுவே. கார் ஓட்டப் பழகிய யாருக்கும் இது கைப்பழக்கம். ரோபோவுக்கு நாம் எழுதித் தராவிட்டால் அது ஒருபோதும் செய்யாது.

மார்ச் 19

கண்ணாடித் தடுப்பு. லிடாரின் ஒளி பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடுகிறது, வரைபடத்தில் அங்கே வெற்றிடம். கண்ணாடி இருக்கும் கோடுகளைக் கையால் வரைந்து தடையாகச் சேர்த்தோம். மீயொலி சென்சாரும் முன்பக்கம் பொருத்தியாயிற்று.

மார்ச் 21

ஏ-ஸ்டாரின் செலவுக் கணக்கில் இன்று ஒரு பகுதி சேர்ந்தது. ஒவ்வொரு நிலையிலிருந்தும் பார்வைக்கு எட்டாமல் மறைந்திருக்கும் மிக அருகிலுள்ள இடம் எவ்வளவு தூரம் என்று வரைபடத்திலிருந்து முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கிறோம். அந்தத் தூரத்துக்குள் நின்றுவிடக்கூடிய வேகம்தான் அங்கே உச்சவேகம். செலவு இனி தூரமாக இல்லை, அந்த உச்சவேகத்தில் கடக்க ஆகும் நேரம். கூட்டும் தொகை மாறியதால் மதிப்பீட்டையும் மாற்ற வேண்டியிருந்தது: நேர்க்கோட்டுத் தூரத்தை ரோபோவின் முழு வேகத்தால் வகுத்தது. உண்மை நேரம் அதைவிடக் குறையவே முடியாது என்பதால், கிடைப்பது மிகக் குறைந்த நேர வழி என்ற உறுதியும் கைவிட்டுப் போகவில்லை.

ஓட்டினோம். கோடு திருப்பத்துக்கு முன்பே வெளிப்பக்கம் விலகி, அகன்று வளைந்து, திரும்பிய பின் நேராகிறது. "வெளிப்பக்கம் போ" என்று எங்கேயும் எழுதவில்லை.

அடுத்த வேலை, தற்காலிகத் தடைகள். யாராவது ஒரு தள்ளுவண்டியை மூலையில் நிறுத்தினால் புதிதாக ஒரு மறைவிடம் உருவாகும், முன்கூட்டியே போட்ட கணக்கு அங்கே செல்லாது. வண்டியைச் சுற்றியுள்ள சில மீட்டருக்கு மட்டும் கணக்கை ஓட்டத்திலேயே புதுப்பிக்க முடிகிறதா என்று திங்களன்று பார்க்க வேண்டும்.