மிலாவின் முதல் கத்திரி

ஏப்ரல் 12

நானும் என் நாய் மிலாவும் சென்னைக்கு வந்து சேர்ந்துவிட்டோம். பள்ளிக்கரணை விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் தடையின்மைச் சான்று, ஜெர்மனியில் வாங்கிய உடல்நலச் சான்று, வெறிநோய்த் தடுப்பூசிப் பதிவு என எல்லாத் தாள்களையும் அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கழுத்துத் தோலுக்கு அடியில் இருக்கும் சிப்பின் 15 இலக்க எண்ணைக் கருவியால் படித்துச் சரிபார்த்து, மிலாவின் ஈறையும் கண்களையும் பார்த்த பிறகே எங்களை அனுப்பினார். கூண்டைவிட்டு இறங்கியதும் அவள் உடலை உதறவில்லை, என்னிடம் தாவவும் இல்லை. நின்ற இடத்திலேயே நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கத் தொடங்கினாள். ஸ்டுட்கார்ட்டில் வீட்டைப் பூட்டியபோது 6 டிகிரி. இங்கே நள்ளிரவு தாண்டியும் 29.

ஏப்ரல் 13

சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தாள்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. வேப்பம்பூப் பச்சடி சாப்பிட வந்தவர்கள் அனைவரும் அவளைப் பார்த்துச் சொன்னது ஒன்றே: "இந்த வெயிலில் இவ்வளவு முடியா? முதலில் மொட்டை அடித்துவிடு." அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் மிலாவுக்கு இருப்பது இரண்டு அடுக்கு முடி. மேலே நீளமான முரட்டு முடி, அடியில் பஞ்சைப் போன்ற உள்முடி. குளிரைத் தடுக்கும் அதே அடுக்குதான் வெயில் நேராகத் தோலில் படாமலும் தடுக்கிறது. வழித்துவிட்டால் தோல் வெந்துபோகும். அவள் வயதில் முடி பழையபடி ஒழுங்காக வளரும் என்ற உறுதியும் இல்லை. எடுக்க வேண்டியது உதிர்ந்து சிக்கிக் கிடக்கும் உள்முடியை மட்டுமே, ஏனென்றால் அதுதான் காற்றைத் தோலுக்கு விடாமல் அடைக்கிறது. மாலை முழுவதும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து சீவினேன். ஒரு தலையணை உறை நிறைய வந்தது. முடித்து எழுந்தபோது அவள் தொடைக்குப் பின்னால் வெளிறிய தோல் தெரிந்தது. அங்கே விரலை வைத்தால் அந்தச் சூடு கைக்குத் தெரிகிறது.

இரவு கொஞ்சம் தயிர்சாதம் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 17

தூங்கும் நாயின் மூச்சு நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். விலாவின் ஏற்ற இறக்கத்தைக் கைபேசி வெளிச்சத்தில் எண்ணினேன். பதினொரு மணிக்கு 46. இரண்டு மணிக்கு 41. நான்கு மணிக்கு அவள் எழுந்து குளியலறைக்குப் போய், சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொண்டாள். அங்கே 28.

ஏப்ரல் 19

இன்று அப்பா மருத்துவமனைக்குப் போகும் முறை நாள். நான்கரை மணி நேரம் நான் வீட்டில் இல்லை. குளிர்சாதனத்தை 26-இல் வைத்துவிட்டுப் போனேன். அவ்வளவு நேரமும் மின்சாரம் இருந்தது.

ஏப்ரல் 22

சித்தப்பா ஒரு ஏர்கூலரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். மதுரையில் அவர் வீட்டில் அது அருமையாக வேலை செய்ததாம். செய்திருக்கும், உலர்ந்த காற்றில் தண்ணீர் ஆவியாகும்போது அறை குளிரும். திருவான்மியூரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் இந்த வீட்டில் காலையில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடுகிறது. ஏற்கனவே ஈரம் நிறைந்த காற்றில் மேலும் ஈரத்தைக் கொட்டினால் என்ன ஆகும் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது: மிலாவின் இரைப்பு கூடியது, நாக்கு ஓரங்கள் அகன்று நுனியில் கரண்டி போலக் குழிந்தன. நாய்க்கு வியர்ப்பது பாதத்தின் அடியில் மட்டுமே, அதுவும் பெயரளவுக்கு. உடற்சூடு வெளியேறும் வழி நாக்கிலும் தொண்டையிலும் மூக்கிலும் இருக்கும் ஈரம் ஆவியாவதுதான். காற்று அந்த ஈரத்தை வாங்கிக்கொள்ள மறுத்தால், எவ்வளவு இரைத்தாலும் சூடு உள்ளேயே நிற்கும். இரைக்கும் தசைகளின் உழைப்பு வேறு மேலும் சூட்டை உண்டாக்கும். வெப்பநிலை எத்தனை என்று கேட்பவர்கள் எல்லாரிடமும் ஈரப்பதம் எத்தனை என்று கேளுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

சித்தப்பா வருத்தப்படாமல் கூலரைத் திருப்பி எடுத்துப் போனார். போகும்போது மேசை மின்விசிறி ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அதைத் தரையோடு வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 23

மாலை ஆறு மணிக்கு வாசற்கதவின் முன் போய் உட்கார்ந்தாள். ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் என் கணவர் அலுவலகத்திலிருந்து வரும் நேரம் அது. அங்கே அப்போது மதியம் இரண்டரை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஏப்ரல் 27

காலை ஐந்து மணிக்கு நடை. இரவு ஒன்பதரைக்கு மேல் மறுபடி. வெயில் தாழ்ந்துவிட்டது என்று ஆறு மணிக்கு அழைத்துப் போகக்கூடாது, அப்போதும் தார் தன் சூட்டை விடுவதில்லை. புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு விநாடி தாங்க முடிந்தால்தான் அவள் பாதம் அங்கே படலாம். பால் போடும் தம்பி நான் சாலையைத் தொடுவதைப் பார்த்து, ஏதாவது தொலைந்துவிட்டதா அக்கா என்று கேட்டுத் தேடவும் ஆரம்பித்துவிட்டான்.

மணலில் போகும்போது வாரை நீளவிடுவதில்லை. இது ஆமைக் குஞ்சுகள் பொரிந்து கடலுக்குப் போகும் பருவம்.

முனையில் தெருநாய்கள் மூன்று. முதல் வாரம் எங்களைக் கண்டால் ஊரே விழிக்கும்படி குரைத்தன. இப்போது பழுப்பு நிறப் பெண் நாய் மட்டும் எழுந்து வந்து மோந்துவிட்டுப் போகிறது. நான் அவற்றைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஒட்டிய வயிறு, குட்டை முடி, மெலிந்த கால்கள். காலை ஒன்பதுக்குப் பிறகு அவை ஓர் அடிகூட வீணாக எடுத்து வைப்பதில்லை. நிற்கும் காருக்கு அடியில், கார் நகர்ந்தால் அடுத்த காருக்கு அடியில், ஐந்து மணி வரை. தண்ணீர் லாரி வந்து போன பின் ஈரமான மண்ணை முன்னங்கால்களால் பறித்து, மேல்மண்ணைத் தள்ளிவிட்டு, அடியில் இருக்கும் குளிர்ந்த குழியில் வயிற்றை இறக்கிக்கொள்கின்றன. மிலா நின்று அதைப் பார்த்தாள். நானும் அவசரப்படுத்தவில்லை.

மே 4

கத்திரி தொடங்கிவிட்டது. அப்பா நாட்காட்டியைக் காட்டி 28 வரை என்றார்.

மே 6

மருத்துவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். உடல் வெப்பத்துக்குப் பழகுவதில் ஒரு பகுதி இரண்டு மூன்று வாரங்களில் நடந்துவிடும். முழுமையாகப் பழக இரண்டு மாதம் வரை ஆகலாம். நாள் முழுவதும் குளிர்சாதன அறையில் அடைத்து வைத்தால் அந்தப் பழக்கம் ஏற்படவே ஏற்படாது. வெளியே விட்டால் ஆபத்து. ஆகவே அறையை 27-இல் வைத்து, விடிகாலையிலும் இரவிலும் வெளிக்காற்றில் இருக்கும் நேரத்தை ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்ட வேண்டும். எடை 31 கிலோவிலிருந்து 28-க்கு வந்தால் அதுவே பெரிய உதவி. இதயமும் நுரையீரலும் நன்றாக இருக்கின்றன. ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். செங்கல் சிவப்பானாலோ வெளுத்துப்போனாலோ காத்திருக்காமல் கிளம்பிவிட வேண்டும்.

இரவு 11 மணி மூச்சு: 36.

மே 9

அத்தை நேரடியாகவே கேட்டுவிட்டார்: "வாயில்லா ஜீவனை இப்படி வதைப்பதற்குப் பதிலாக அங்கேயே யாரிடமாவது திருப்பி அனுப்பிவிடக்கூடாதா?" பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஏனென்றால் அந்தக் கேள்வி எனக்குள் தினமும் இருக்கிறது.

திருப்பி அனுப்பும் வழியை நாங்கள் அடைத்துவிட்டு வரவில்லை. வெறிநோய் தொடர்பில் ஐரோப்பிய ஒன்றியம் தளர்வு தரும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. இங்கிருந்து போகும் நாய்க்கு இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்கிறதென்று அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகம் சான்று தர வேண்டும், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கவும் வேண்டும். புறப்படுவதற்கு முன்பே அங்கேயே அந்தப் பரிசோதனையைச் செய்து அவளுடைய கடவுச்சீட்டில் பதிந்துகொண்டால் அந்த மூன்று மாதக் காத்திருப்பு இல்லை. நாங்கள் செய்துகொண்டோம். அதற்குப் பிறகு தடுப்பூசி ஒருநாள்கூடத் தவறிவிடக்கூடாது. அடுத்த ஊசி நவம்பர் 2. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன், கைபேசியில் இருக்கிறது, அப்பாவின் நாட்காட்டியிலும் வட்டமிட்டிருக்கிறேன்.

ஆனால் யாரிடம் அனுப்புவது? அவர் வரும் தேதியே இன்னும் உறுதியாகவில்லை. அவள் குடும்பம் அங்கே பாதியும் இங்கே பாதியுமாகக் கிடக்கிறது. எந்தப் பாதியோடு இருந்தாலும் ஆறு மணிக்குக் கதவைப் பார்ப்பாள்.

மே 10

நவம்பர் 2.

மே 13

கடல்காற்று பன்னிரண்டரைக்கே வந்துவிட்டது. நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் 36 தாண்டவில்லை. நாள் முழுவதும் எனக்கு நல்ல மனநிலை.

மே 16

கடல்காற்று மூன்று மணி வரை வரவில்லை. காற்று மேற்கிலிருந்தே அடித்துக்கொண்டிருந்தது, நுங்கம்பாக்கத்தில் 41. 2003-ஆம் ஆண்டு மே 31 அன்று அங்கே 45 பதிவானதை அப்பா இன்றுதான் நினைவுபடுத்த வேண்டுமா?

இரவு 10:20-க்கு மின்சாரம் போயிற்று. இன்வெர்ட்டரில் மின்விசிறி ஓடியது, குளிர்சாதனம் ஓடாது. பதினொன்றரைக்குத் தெருவே வெளியில் வந்து நின்றது. மின்மாற்றியில் கோளாறு, காலையில்தான் சரியாகும் என்றார்கள். மிலாவின் எச்சில் நூலாக ஒழுக ஆரம்பித்திருந்தது. வெப்பமானியில் 104.4. அவளுக்கு இயல்பானது 102.5 வரை. தளும்பத் தளும்ப இரண்டு வாளித் தண்ணீர், சித்தப்பாவின் மேசை விசிறி, குளியலறைத் தரை. நனைத்த துண்டைப் போர்த்திவிடு என்று மாடி வீட்டு மாமி சொன்னார். போர்த்தினால் சில நிமிடங்களில் துண்டு உடல் சூட்டை வாங்கி, அந்தச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி, துண்டை வாங்கிக் கீழே விரித்தேன். வயிற்றிலும் தொடை இடுக்கிலும் அக்குளிலும் பாதங்களிலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க, மாமி விசிறியை ஈர இடத்தின் மேல் காட்டிக்கொண்டே இருந்தார். ஊற்றும் தண்ணீர் தோல் வரை போக வேண்டும், முடியின் மேலேயே வழிந்து போனால் பயனில்லை. ஆகவே எதிர்ப்புறமாக முடியைக் கோதிக் கோதி ஊற்றினேன். 103-க்கு வந்ததும் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் அதன் பிறகு உடல் தானாகவே இன்னும் இறங்கும். தொடர்ந்தால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். ஒன்றரை மணிக்கு 102.2. மாமி மூன்று மணி வரை போகவில்லை. இந்த நாயை வீட்டு வாசலிலேயே ஏற்றக்கூடாது என்று ஏப்ரலில் சொன்னவர் அவர்.

மே 17

காலையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினோம். சிறுநீரகம், இரத்தம் உறையும் தன்மை, சர்க்கரை எல்லாம் சரியாக இருக்கின்றன. வெப்பத்தின் சேதம் ஓரிரு நாள் கழித்தும் தெரியலாம் என்பதால் சிறுநீரின் நிறத்தைப் பார்த்துவரச் சொன்னார்கள். வெளிர் மஞ்சள்.

மே 18

வெளிர் மஞ்சள்.

மே 21

இடது முன்னங்காலில் இரண்டு விரல்களுக்கு நடுவே ஓர் உண்ணி, பாதி மிளகு அளவு. சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து எடுத்து, சாராயத்தில் போட்டேன். அங்கே உண்ணி என்றால் காடு, புல்வெளி, வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை. இங்கே இருக்கும் பழுப்பு உண்ணிக்குக் காடும் வேண்டாம், பருவமும் வேண்டாம். வீட்டுச் சுவர் வெடிப்பிலேயே முட்டையிட்டு ஆண்டு முழுவதும் வாழும். மாத்திரை கொடுத்துத்தான் வருகிறோம், ஆனால் மாத்திரை வேலை செய்வது உண்ணி கடித்த பிறகே. அறையின் நான்கு மூலைகளையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். கதவு நிலைக்கு மேலே மேலும் இரண்டு.

மே 22

வெடிப்புகளுக்கு வெள்ளைச் சிமெண்ட் பூசியாயிற்று.

மே 28

கத்திரி முடிந்தது. நாட்காட்டிக்குத் தெரிந்தது காற்றுக்குத் தெரியவில்லை. ஆனால் இரவு 11 மணி: 27. எண்ணியதில் பிழையோ என்று மறுபடி எண்ணினேன். 26.

ஜூன் 2

ஐந்து மணி நடையில், தெருக்குழாயடி ஈர மண்ணை மிலா முன்னங்கால்களால் பறித்தாள். முதலில் மேலோட்டமாக, பிறகு வேகமாக, மண் என் பாவாடை வரை தெறிக்கும்படி. குழி போதாதென்று எழுந்து ஒரு சுற்று சுற்றி மறுபடி பறித்து, அதன் பிறகு வயிற்றை இறக்கி, பின்னங்கால்களைத் தவளை மாதிரி விரித்துப் படுத்தாள். பழுப்பு நாய் இரண்டடி தள்ளி அதன் குழியில் கிடந்தது. யாரும் யாரையும் பார்த்துக் குரைக்கவில்லை. அவருக்குப் படம் அனுப்பினேன். உடனே அழைத்தார், குரலைக் கேட்டு அவள் காதுகள் மட்டும் எழுந்தன, உடல் குழியைவிட்டு வரவில்லை.

எடை 28.6.

ஜூன் 5

மாலை இடியோடு மழை. அவளைத் துவட்ட எனக்கு மனமில்லை.

ஜூன் 8

காலையில் நடக்க எழுந்திருக்கவில்லை. தயிர்சாதத்தை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அறையில் 27, வெளியிலும் மழைக்குப் பின் இதமான காற்று, ஆனாலும் அவள் உடல் 103.8. இது வெயில் சூடு இல்லை. தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறது. ஈறைத் தூக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஊசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் இரண்டு.

உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று மருத்துவர் இரத்தம் எடுத்திருக்கிறார். கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் தெரியவரும் என்றார். மே 21-லிருந்து எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கிறது. தட்டணுக்களின் எண்ணிக்கை நாளை வரும். அதற்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் இன்றே ஆரம்பித்துவிட்டோம். வெறும் வயிற்றில் கொடுக்கக்கூடாது என்பதால் வேகவைத்த கோழியை நசுக்கி விரலில் வைத்து ஊட்டினேன். நான்கு விரல் வாங்கிக்கொண்டாள்.

நாளை அப்பாவுக்கும் முறை நாள். மாமி வந்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாத்திரை நேரம், வெப்பமானி இருக்கும் இடம், மருத்துவரின் எண் எல்லாவற்றையும் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன்.

இரவு 11 மணி: 38. இரண்டு மணிக்கு மறுபடி எண்ண வேண்டும்.