கண்ணாடிக் குமிழைவிட டீ வடிகட்டி மேல்

மண்ணில்லாமல் வளரும் ஏர் பிளான்ட் வாங்கப் போனால் கூடவே ஒரு கண்ணாடிக் குமிழையும் நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் சென்னைப் புழுக்கத்தில், நனைந்த செடியை அதற்குள் வைத்தால் ஈரம் எங்கே போகும்? அடிப்பகுதி கறுத்து அழுகிவிடும். தொட்டால் நடுக்குருத்து தனியாகக் கையோடு வரும்.

டில்லாண்சியா எனப்படும் இந்தச் செடிகள் அன்னாசியின் குடும்பம். அமெரிக்கக் கண்டங்களில் மரக்கிளைகளிலும் பாறைகளிலும் தொற்றி வளர்பவை. வேர் வெறும் பிடிமானத்துக்கு. தண்ணீரை உறிஞ்சுவது இலைமேல் சாம்பல் பூத்தாற்போல் தெரியும் நுண்செதில்கள். வாரம் ஒருமுறை காலையில் அரைமணி நேரம் ஊறவைத்து, தலைகீழாக உதறினால், நாலு மணி நேரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். ஆகவே எந்தத் தாங்கியைப் பார்த்தாலும், செடியைச் சட்டென்று எடுக்க முடியுமா, அடியில் காற்று புகுமா என்றுதான் பார்ப்பேன். மரத்துண்டில் பசை போட்டு ஒட்டி விற்பதை வாங்குவதே இல்லை.

"பரணில் பித்தளை உருளி சும்மாதானே கிடக்கிறது?" என்றார் அத்தை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. செம்பு இந்தச் செடிகளுக்கு நஞ்சு, துத்தநாகமும் ஒத்துக்கொள்ளாது. "செம்புத் தண்ணீர் எனக்கு நல்லது, உன் செடிக்கு மட்டும் ஆகாதோ?" என்று அத்தை கேட்டதற்கு நான் சிரித்து மழுப்பினேன். செம்புக் கம்பி, துத்தநாக முலாம் பூசிய கட்டுக்கம்பி இரண்டுக்கும் எங்கள் வீட்டில் தடை. ஏ.சி.யில் சொட்டும் நீரும் பெரும்பாலும் செம்புக் குழாயைத் தொட்டு வருவதுதான். அதை ரோஜாத் தொட்டிக்குத் திருப்பிவிட்டேன்.

கடைசியில் நிலைத்தது எவர்சில்வர் டீ வடிகட்டி. காம்பைச் சமையலறை ஜன்னல் கம்பியில் மாட்டினால் நாற்புறமும் காற்று, அடியில் தண்ணீர் தங்காது. அதில் இருக்கும் அயனாந்தா என்ற சிறிய டில்லாண்சியா வகைக்கு இப்போது உள்ளிலைகள் சிவந்து, நடுவிலிருந்து ஊதா நிறக் குழல் ஒன்று நீண்டிருக்கிறது. சற்றுப் பெரிய செடிக்குக் கண்ணில் துளையிட்ட கொட்டாங்கச்சி போதும். அழகுக்காக அதில் தேங்காய் நார் திணிக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பூத்து முடிந்த தாய்ச்செடி வாழையைப் போல மெல்லப் பட்டுப்போகும், பக்கத்தில் கன்று விடும். அதனால் வடிகட்டியை ஓர் அளவு பெரிதாகவே வாங்குங்கள். இறுக்கமான வளையத்தில் கன்றுக்கு இடமிருக்காது.