ஒரு பைனரியை எத்தனை பேர் படிக்கிறார்கள்

மூல நிரல் கையில் இல்லாத ஒரு மென்பொருளைப் பழைய லினக்ஸ் கணினியிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டிவந்தது. ஆய்வகக் கருவி ஒன்றை இயக்கும் நிரல் அது. விற்றவர்கள் கம்பைல் செய்த கோப்பை, அதாவது பைனரியை, மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். புதிய கணினியில் நகலெடுத்து ஓட்டினால், 'அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை' என்று ஷெல் சொன்னது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது! பைனரிகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தச் செய்தி பழக்கப்பட்டதுதான். காணாமல் போனது நிரல் அல்ல, தன்னை நூலகங்களோடு நினைவகத்தில் ஏற்றுவதற்கு நிரல் பெயர் சொல்லிக் கேட்கும் டைனமிக் லோடர். லினக்ஸின் மையமான கர்னல் அந்த வேறுபாட்டை நமக்குச் சொல்வதில்லை.

லினக்ஸ் பைனரிகளின் வடிவம் எல்ஃப். லோடரின் பாதை எல்ஃப் கோப்புக்குள்ளேயே ஒரு சரமாக எழுதப்பட்டிருக்கும். 64-பிட் இன்டெல் லினக்ஸில் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியின் லோடர் பாதைக்கு முடிவில் வரும் பூஜ்ஜியத்தையும் சேர்த்து 28 பைட். ஆல்பைன் என்ற லினக்ஸ் வகை பயன்படுத்தும் இன்னொரு சி நூலகமான மசலின் லோடர் பாதைக்கு 25. ஆக, 28-இன் இடத்தில் 25-ஐ எழுதலாம், பைட்டுகளை நேரடியாகத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டரே போதும். தலைவலி எல்லாம் புதிய பாதை நீளமாக இருக்கும்போதுதான்.

இதற்கென்றே பேட்ச்எல்ஃப் என்ற கருவி இருக்கிறது. நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேலாண்மைத் திட்டத்துக்காக எல்கோ டோல்ஸ்ட்ரா தொடங்கியது. நிக்ஸில் எந்த நூலகமும் வழக்கமான இடத்தில் இருக்காது என்பதால், வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பைனரிக்கும் லோடர் பாதையையும் நூலகத் தேடல் பாதையையும் மாற்றியாக வேண்டும். பைத்தான் வீல்களை (நிறுவத் தயாராகக் கட்டிய பேக்கேஜ்கள்) பல லினக்ஸ் டிஸ்ட்ரோக்களில் ஓடும்படி செய்யும் ஆடிட்வீலும் உள்ளே இதைத்தான் அழைக்கிறது. நானும் அதைத்தான் ஓட்டினேன், வேலை செய்தது. பிறகு பேக்கேஜ் கட்டும்போது, தேவையற்ற சிம்பல்களைக் கழிக்கும் ஸ்ட்ரிப் தானாக ஓடி, அதே கோப்பைத் திறக்க முடியாததாக ஆக்கிவிட்டது. திருத்திய பைனரியை ஸ்ட்ரிப் செய்தால் உடையும் என்பது பலரும் ஏற்கெனவே கண்ட விஷயம். நான் ஒரு கருவி எழுத உட்கார்ந்தது அதற்குப் பிறகு. என்ன மாற்றப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லவேண்டும், முடியாததை முடியாது என்று சொல்லி நிறுத்தவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவே.

படிக்கும் பகுதி சீக்கிரம் முடிந்தது. எல்ஃபின் விவரக்குறிப்பு நன்றாகவே எழுதப்பட்ட ஆவணம்: 64 பைட் தலைப்பு, நினைவகத்தில் ஏற்றவேண்டிய செக்மென்ட்களைச் சொல்லும் 56 பைட் அளவுள்ள புரோகிராம் ஹெடர்கள், கோப்பின் உட்பிரிவுகளைச் சொல்லும் 64 பைட் அளவுள்ள செக்‌ஷன் ஹெடர்கள். படிப்பதற்கு மட்டும் என்றால் எலி பெண்டர்ஸ்கியின் பைஎல்ஃப்டூல்ஸ் போதும். திருத்தவும் வேண்டும், பைத்தானிலிருந்து அழைக்கவும் வேண்டும் என்றால் குவார்க்ஸ்லேப் 2017-இல் வெளியிட்ட லீஃப் இருக்கிறது. நான் ரஸ்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் ஒன்றுதான்: கோப்பில் உள்ள ஆஃப்செட்டையும் (தொடக்கத்திலிருந்து உள்ள தூரம்) அளவையும் கூட்டும் இடமெல்லாம் எண் கொள்ளளவை மீறிச் சுற்றிவர வாய்ப்புண்டு. சரிபார்த்துக் கூட்டும் வழியை அந்த மொழி கையிலேயே கொடுக்கிறது.

எழுதும் பகுதிதான் இழுத்துக்கொண்டே போனது. எல்ஃப் கோப்பு ஒட்டுச்சுவர் வீட்டு வரிசை மாதிரி: நடுவீட்டுக்காரர் ஓர் அடி அகலப்படுத்த நினைத்தால் பக்கத்து வீட்டுக் கூடத்துக்குள் போய்விடுவார். தரவு எங்கே இருக்கிறது என்று நிரலின் கட்டளைகளுக்குள்ளேயே தூரம் எழுதப்பட்டிருக்கிறது. அவற்றையெல்லாம் கண்டுபிடித்துத் திருத்துவது நடக்கிற காரியமில்லை. ஆகவே நீளும் சரத்தைக் கோப்பின் கடைசிக்குக் கொண்டுபோய் வைத்து, பழைய இடத்தைக் காட்டிய குறிப்புகளைப் புதிய இடத்துக்குத் திருப்பவேண்டும்.

கடைசியில் வைத்தால் மட்டும் போதாது. அந்தப் பகுதியை நினைவகத்தில் ஏற்றும்படி கர்னலுக்குச் சொல்ல ஒரு லோட் செக்மென்ட் வேண்டும், அதாவது புரோகிராம் ஹெடர் அட்டவணையில் கூடுதலாக ஒரு 56 பைட். அந்த அட்டவணையோ தலைப்பை ஒட்டி இருக்கிறது. அதை ஒட்டி, இடைவெளியே இல்லாமல், பெரும்பாலும் லோடர் பாதைச் சரம்.

இங்கே வழிகள் பிரிகின்றன. 4194304 என்ற முகவரியில் தொடங்கும் பழைய பாணி நிரல் என்றால் அதற்குக் கீழே காலி முகவரிகள் உண்டு, கோப்பின் முன்னால் ஒரு பக்கத்தையே செருகலாம். இன்று வரும் பெரும்பாலான நிரல்கள் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகின்றன, கீழே எதுவும் கிடையாது. இன்னொரு குறுக்குவழி, குறிப்புகள் மட்டும் உள்ள நோட் செக்மென்ட் ஒன்றை லோட் செக்மென்டாக மாற்றிவிடுவது. அழகான தந்திரம்தான், ஆனால் எல்ஃப் வைரஸ் எழுதுபவர்களின் பிரியமான தந்திரமும் அதுவே. நம் கருவி தொட்ட கோப்பையெல்லாம் பாதுகாப்பு ஸ்கேனர் சந்தேகத்தோடு பார்க்கும். தவிர, கோப்பின் அடையாளமான பில்டு ஐடி அந்த நோட் பகுதியில்தான் இருக்கிறது. டீபக் சிம்பல்களைப் பொருத்துவதற்கு அது தேவை. அந்த வழியை ஒதுக்கினேன்.

மிச்சமிருந்தது அட்டவணையையே கடைசிக்கு நகர்த்துவது. விவரக்குறிப்பு இதைத் தாராளமாக அனுமதிக்கிறது. அட்டவணை எங்கே என்று தலைப்பில் ஒரு புலம் இருப்பதே அதற்குத்தான். செய்து பார்த்தால் நிரல் ஓடத் தொடங்கும் முன்பே லோடருக்குள் விழுந்து செத்தது. எல்ஃபைப் படித்துக் காட்டும் ரீட்எல்ஃப் எந்தக் குறையும் சொல்லவில்லை. வெகுநேரம் ஜிடிபி டீபக்கரில் உட்கார்ந்த பிறகு கர்னல் மூலத்தைத் திறந்தேன். அட்டவணை நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்பதைக் கர்னல் லோடருக்குச் சொல்லும்போது, அட்டவணையின் கோப்பு ஆஃப்செட்டை முதல் செக்மென்ட் ஏறிய முகவரியோடு வெறுமனே கூட்டிச் சொல்லிவந்தது. அட்டவணை வேறு செக்மென்டில் இருந்தால் அந்தக் கணக்கு தவறும். கர்னலில் இது 2022-இல் திருத்தப்பட்டது. நான் ஆதரிக்கவேண்டிய கணினிகளில் இருந்தவையோ அதற்கு முந்தைய கர்னல்கள். ஆகவே புதிய செக்மென்டின் முகவரியும் கோப்பு ஆஃப்செட்டும் முதல் செக்மென்டில் உள்ள அதே இடைவெளியில் இருக்கும்படி வைக்கவேண்டும். அதற்கு ஒரு விலை உண்டு. பூஜ்ஜியமாகத் தொடங்கும் மாறிகளுக்கான பிஎஸ்எஸ் பகுதி நினைவகத்தில் மட்டும் இடம் பிடிக்கும், கோப்பில் பிடிக்காது. புதிய செக்மென்ட் அதைத் தாண்டித்தான் அமர முடியும் என்பதால், 200 எம்பி பிஎஸ்எஸ் உள்ள நிரலின் கோப்பும் கிட்டத்தட்ட அவ்வளவு வீங்கும். உள்ளே வெறும் ஓட்டைதான், ஆனால் நகலெடுக்கும் எல்லாக் கருவியும் ஓட்டையை ஓட்டையாகவே வைத்திருப்பதில்லை.

விவரக்குறிப்பை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு எழுத முடியாத வேலை இது என்று எனக்கு உறைத்தது அந்தக் கட்டத்தில்தான். கர்னல், ஜிலிப்சி லோடர், மசல் லோடர், ஜிடிபி, ஸ்ட்ரிப், நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட், வேறு கணினியைப் போல நடிக்கும் கியூஇஎம்யு என்று ஒரே கோப்பை இத்தனை பேர் படிக்கிறார்கள். கர்னலுக்கு செக்‌ஷன் ஹெடர்கள் தேவையே இல்லை, அவற்றை முழுக்க அழித்தாலும் நிரல் ஓடும். ஸ்ட்ரிப்புக்கு அவைதான் உலகம். செக்‌ஷன்களை வைத்து அது கோப்பை மறுபடி அடுக்குகிறது. கடைசியில் நாம் வைத்த பகுதிக்குச் சரியான செக்‌ஷன் விவரம் இல்லாவிட்டால் அதன் போக்கில் எங்காவது நகர்த்திவிடும். நூலகத் தேடல் பாதையிலும் இதே கதைதான். ஜிலிப்சியில் ஆர்பாத் என்று எழுதினால் எல்டி_லைப்ரரி_பாத் சூழல் மாறிக்கு முன்பே தேடப்படும், ரன்பாத் என்றால் அதற்குப் பிறகு. தவிர ரன்பாத் நேரடி நூலகங்களுக்கு மட்டுமே செல்லும், அந்த நூலகங்கள் கேட்கும் நூலகங்களுக்குச் செல்லாது. மசல் இரண்டையும் ஒன்றாகவே நடத்துகிறது. ஆக, டெபியனில் சரியாக ஓடும் பைனரி ஆல்பைனில் வேறு நூலகத்தை எடுக்கலாம். இரண்டும் தத்தம் வழியில் சரிதான்.

சரங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை, ஏனென்றால் ஹெக்ஸ் எடிட்டரில் திருத்துபவர்கள் அதிகம் விழும் குழி இது. இடத்தை மிச்சப்படுத்த, நிரலின் துண்டுகளை இணைக்கும் லிங்கர் சரங்களின் வால்களைப் பகிர்ந்து வைக்கும். 'எஃப்ஓபன்' என்ற சரம் இருந்தால் 'ஓபன்' என்பதற்குத் தனி இடம் ஒதுக்காது, முதல் எழுத்தைத் தாண்டி அதற்குள்ளேயே சுட்டும். பழைய பாதையின் மேல் வேறு எதையாவது எழுதினால், அதன் வாலைப் பகிர்ந்துகொண்ட ஒரு ஃபங்ஷனின் பெயரும் சேர்ந்து அழியலாம். அழிக்காமல் விட்டுவிடலாமே என்றால், நிக்ஸ்காரர்களுக்கு அது ஒத்துவராது. ஒரு பேக்கேஜ் எதையெல்லாம் சார்ந்திருக்கிறது என்பதை நிக்ஸ் கோப்புகளுக்குள் பாதைகளில் உள்ள ஹாஷை (ஒரு குறியீட்டுச் சரம்) தேடித்தான் முடிவுசெய்கிறது. பழைய பாதை செத்த சரமாகக் கிடந்தாலும் அது ஒரு சார்புநிலையாகக் கணக்கில் வரும். அந்தச் சரத்துக்குள் வேறு யாரும் சுட்டவில்லை என்று எல்லா அட்டவணைகளிலும் பார்த்த பிறகே அழிக்கவேண்டும்.

எந்த நூலகங்கள் வேண்டும் என்பதையெல்லாம் லோடருக்குச் சொல்லும் டைனமிக் அட்டவணையை மட்டும் நகர்த்துவதே இல்லை என்று முடிவுசெய்தேன். டீபக்கருக்காக லோடர் அதற்குள் ஒரு முகவரியை எழுதிவைக்கும். படிக்க மட்டுமான செக்மென்டுக்கு அதை நகர்த்தினால் கதை முடிந்தது. புதிய வரி சேர்க்க வேண்டுமென்றால்? குனு லிங்கர் அந்த அட்டவணையின் முடிவில் வழக்கமாக 5 காலி இடங்களை விட்டுவைக்கிறது, பிறகு யாராவது சேர்க்க வரக்கூடும் என்றே. யாரோ எப்போதோ யோசித்து வைத்த இந்தத் தாராளத்துக்கு நான் நன்றி சொல்லாத நாளில்லை. எல்லா லிங்கரும் இப்படி விடும் என்று நம்பக்கூடாது. இடம் இல்லையென்றால் என் கருவி இல்லை என்று சொல்லி நின்றுவிடும்.

நினைவகத்தைக் கர்னல் பிரிக்கும் பக்கத்தின் அளவு இன்னொரு சங்கதி. இன்டெல்லில் 4 கேபி. ஆர்ம் 64-பிட்டில் கர்னலைப் பொறுத்து 4, 16, 64 கேபி எதுவாகவும் இருக்கலாம். ராஸ்பெர்ரி பை 5-இன் வழக்கமான கர்னலே 16 கேபி. நம் மேசையில் 4 கேபிக்கு ஒழுங்காக அடுக்கிய செக்மென்ட், 64 கேபி கர்னலில் லோடரின் சீரமைப்புப் பிழையோடு நிற்கும். ஒரு நிரலை மட்டும் ஓட்டும் கியூஇஎம்யுவின் பயனர் முறையில் இது வெளிப்படாது. 64 கேபிக்குக் கம்பைல் செய்த கர்னலை முழுக் கணினியாக ஓட்டித்தான் பார்க்கவேண்டும். பிக் எண்டியன் (எண்ணின் பெரிய பைட் முதலில் வரும் முறை) கோளாறுகளுக்கு, ஐபிஎம் மெயின்ஃபிரேம் வகையான எஸ்390எக்ஸின் பைனரிகளைப் பயனர் முறையில் ஓட்டினாலே போதும்.

ஃபஸ்ஸிங், அதாவது சிதைந்த உள்ளீடுகளைக் கொட்டிச் சோதிப்பது, செய்யாமல் இப்படி ஒரு கருவியை வெளியிடுவது பொறுப்பில்லாத்தனம் என்பது என் கருத்து. ஏஎஃப்எல் என்ற ஃபஸ்ஸர் வந்த பிறகு, பைனரிகளைக் கையாளும் பைன்யுடில்ஸ் போன்ற முதிர்ந்த கருவிகளிலேயே எத்தனை ஓட்டைகள் வெளிவந்தன என்று பார்த்தால் தெரியும். ரஸ்ட்டில் நினைவகப் பிழைகள் குறைவு, ஆனால் தலைப்பில் எழுதியிருக்கும் பிரம்மாண்ட எண்ணை நம்பி அவ்வளவு நினைவகம் கேட்பதை எந்த மொழியும் தடுக்காது. செக்‌ஷன்களின் எண்ணிக்கை 65280-ஐ எட்டினால் தலைப்பில் பூஜ்ஜியம் எழுதிவிட்டு உண்மையான எண்ணை வேறிடத்தில் வைக்கும் விதிதான் ஃபஸ்ஸருக்கு மிகவும் பிடித்த விளையாட்டு மைதானமாக இருந்தது.

சோதனைக் கோப்புகளை எங்கே வைப்பது என்பதில் 2024 மார்ச் 29-க்குப் பிறகு என் எண்ணம் மாறியது. அன்றுதான் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்கதவு இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் அறிவித்தார். தீய நிரல் ஒளிந்திருந்தது சோதனைக்கென்று வைத்த பைனரி கோப்புகளுக்குள். அப்படிப்பட்ட கோப்புகளை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்? என் களஞ்சியத்திலோ சிதைந்த எல்ஃப் கோப்புகள் குவிந்திருந்தன, இந்த வேலைக்கு அவை வேண்டும். இப்போது அங்கே ஒரு பைனரிகூட இல்லை. எல்எல்விஎம் கம்பைலர் தொகுப்போடு வரும் யாமல்-டு-ஆப்ஜ், எல்ஃபின் அமைப்பை உரையாக எழுதினால் கோப்பாக உருவாக்கித் தருகிறது. எந்தப் புலம் எப்படிக் கெட்டிருக்கிறது என்பதை வாசித்தே தெரிந்துகொள்ளலாம். அந்தக் கருவியே மறுக்கிற அளவுக்குக் கோணலானவற்றைச் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று சோதனையின்போது உருவாக்குகிறது.

கருவியை வெளியிட்ட பிறகு அதிகம் வரும் கோரிக்கை ஒன்று உண்டு: 'ஜிலிப்சி 2.34 பதிப்பு இல்லை என்கிறது, அந்தத் தேவையை அழித்துவிட முடியுமா?' 2021-இல் வந்த 2.34-இல் த்ரெட்களுக்கான பிதிரெட் நூலகம் ஜிலிப்சிக்குள்ளேயே இணைக்கப்பட்டது. நிரலைத் தொடக்கிவைக்கும் ஃபங்ஷனுக்கும் புதிய பதிப்பு எண் வந்தது. 2.34-ஐயோ அதற்குப் பிந்தைய பதிப்பையோ வைத்துக் கம்பைல் செய்த நிரல், மிகச் சிறியதானாலும், பழைய கணினியில் ஓடாது. பதிப்புத் தேவையை அழிப்பது பைட் கணக்கில் சுலபம். அழித்த பிறகு எந்த ஃபங்ஷனின் எந்த வடிவம் ஓடும் என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால் சேர்க்க மறுத்துவிட்டேன். மூலம் இருப்பவர்கள் பழைய டிஸ்ட்ரோ கண்டெய்னரில் கம்பைல் செய்துகொள்ளலாம், பைத்தான் வீல்களுக்கான மெனிலினக்ஸ் தரம் முதலில் சென்ட்ஓஎஸ் 5 என்ற பழைய டிஸ்ட்ரோவை அடித்தளமாக எடுத்தது இதற்காகத்தான்.

மூலம் இல்லாதவர்கள் புதிய ஜிலிப்சியையும் அதே பதிப்பின் லோடரையும் நிரலோடு ஓர் அடைவில் வைத்து, இரண்டு பாதைகளையும் அங்கே திருப்பவேண்டும். இதற்குக் கருவியில் ஒரே கட்டளை இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தேடல் பாதையில் $ஆரிஜின் என்று எழுதினால், நிரல் இருக்கும் அடைவு என்று லோடர் புரிந்துகொள்ளும். லோடரின் பாதையைப் படிப்பது கர்னல், அதற்கு $ஆரிஜின் தெரியாது. அங்கே முழுப் பாதைதான் எழுத வேண்டும். அடைவை வேறு இடத்துக்கு நகர்த்தினால் கட்டளையை மறுபடி ஓட்டுங்கள்.